வானொலியில் வராத அறிவிப்பு

சல்தேஞ்ஞா என்கிற எங்கள் ஊர்க் கறி அடைத்த பலகாரத்தைச் சட்டையில் சாறு சொட்டாமல் தின்ன எனக்கு இந்த வயதிலும் வரவில்லை. ஒரு ஓரத்தைக் கடித்து, உள்ளே இருக்கும் கறிச்சாற்றை முதலில் உறிஞ்சிவிட வேண்டும் என்பார்கள். அன்று முற்பகல் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன், போன் வந்தது.

நீங்கள் விசாரிக்க வந்திருப்பதால், அதற்கு முன் என் வேலையைச் சொல்லிவிடுகிறேன். வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் பழைய சட்டம் இருந்தது. இணையத்துக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் ஒரே கைபேசிக்குள் வந்த பிறகு எல்லாவற்றுக்கும் ஒரே சட்டம் வேண்டாமா என்று ஆராய, லா பாஸில் ஒரு குழு போட்டார்கள். தலைவர் நான்; சட்டம் படித்ததால் எல்லாருக்கும் டாக்டர், வானொலிகளுக்கு உரிமம் கொடுப்பதும் என் அலுவலகம்தான். வேண்டும் என்று அத்தியாயம் அத்தியாயமாக எழுதினேன். குழு உறுப்பினர்களில் எல்வீரா ஒருத்திதான் முட்டுக்கட்டை.

"போன்ல புரளி வந்தா வரட்டும் டாக்டர். மலையூர்ல ஜனங்க ரேடியோவத்தான் நம்புறாங்க. ஒரு அறிவிப்பு படிச்சா அடங்கிடுது. இதுக்குப் போய் ஊர் வாய்க்கெல்லாம் பூட்டு எதுக்கு?"

மற்றவர்களும் அவள் பக்கம் சாயத் தொடங்கினார்கள். எனக்கு வயிறு எரிந்தது, மறைப்பானேன். வருடக்கணக்கான உழைப்பு அது.

போனில் வந்தவர் ஃபெர்மின், மலையில் சிறிய வானொலி ஒன்றை நடத்துகிறவர்.

"டாக்டர், நம்ம பஞ்சுமிட்டாய் கசியானோவைப் புள்ள பிடிக்கிறவன்னு போன்ல படம் போட்டு விட்டுட்டாங்க. சந்தையில ஆள் சேருது. அவர் சம்சாரம் பிரிமித்தீவா இங்க வந்து அழுவுது. ரொம்ப காலமா நம்ம ஊர்ல யாவாரம் பண்றவர்தான்னு ஒரு வார்த்தை சொல்லிரட்டுமா?"

குற்றம் சாட்டப்பட்டவர் பெயரை எங்கள் அனுமதியில்லாமல் வானொலியில் சொல்லக் கூடாது. யார் பேரும் கெடக் கூடாதென்று வைத்த நல்ல விதி. அவசரத்துக்கு நான் வாயால் சரி என்றாலே போதும். எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன்.

"எழுத்துல அனுமதி வரும். காத்திருங்க," என்றேன்.

"எப்ப வரும் டாக்டர்? இங்க வரைக்கும் சத்தம் கேக்குது."

"பேரைச் சொன்னீங்கன்னா உரிமம் போயிடும், ஃபெர்மின்."

போனை வைத்துவிட்டு மிச்சத்தைத் தின்றேன். அதற்குள் இருந்த ஆலிவ் கொட்டையைக் காகிதத்தில் மடித்துப் போட்டேன். அனுமதி எதுவும் எழுதவில்லை.

கசியானோவைச் சதுக்கத்து விளக்குக் கம்பத்தில் கட்டினார்கள். பெட்ரோல் யார் கொண்டுவந்தது என்று இன்றுவரை தெரியவில்லை. அவர் கூடையிலிருந்த பஞ்சுமிட்டாய்க் குச்சிகளை வைத்தே பற்றவைத்தார்களாம். அதையும் படம் பிடித்திருந்தார்கள். குழுவில் போட்டுக் காட்டினேன். எல்வீரா படம் முடியும்வரை மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் சட்ட வரைவில் கையெழுத்துப் போட்டாள்.

பிரிமித்தீவாவைக் குழு முன்னால் சாட்சி சொல்ல நான்தான் வரவழைத்தேன். அவள் ஒன்றுதான் கேட்டாள்.

"ரேடியோ ஏன் வாயே தொறக்கல, டாக்டர்?"

"அதுக்குத்தாம்மா புதுச் சட்டமே," என்றேன். அவள் என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் அழுதேன். அது நடிப்பில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

அன்று ஏன் அனுமதி தரவில்லை என்று நீங்கள் கேட்பதற்கு நேராகவே சொல்கிறேன். ஃபெர்மின் பேசியிருந்தால் கூட்டம் கலைந்திருக்கும். அது எனக்கு நன்றாகத் தெரியும். கலைந்திருந்தால் எல்வீரா சொன்னதுதான் சரி என்று ஆகியிருக்கும். ஒருவர் போய், பின்னால் ஆயிரம் பேர் பிழைப்பார்கள் என்று கணக்குப் பார்த்தேன். இன்றும் அதே கணக்குதான்.

சட்டம் நிறைவேறிவிட்டது. ஆனால் தண்டனைப் பிரிவில் பலம் போதாது, ஒரு திருத்தம் பாக்கியிருக்கிறது. நீங்கள் வந்து கதவைத் தட்டுவதற்குக் கொஞ்சம் முன்னால்தான் தெற்கே ஒரு வானொலியிலிருந்து கூப்பிட்டார்கள். தடுப்பூசி போடப் போன நர்ஸ் பெண் ஒருத்தியைப் பற்றி ஏதோ புரளியாம், பள்ளிக்கூட வாசலில் ஆள் சேருகிறதாம்.

காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.