பேர் சொன்னால் சோறு

டீயில் சர்க்கரை வேண்டாம், இன்ஸ்பெக்டர். வயதானால் உடம்பைக் கவனித்துக்கொள்ள வேண்டும். நோயாளிகளிடமும் அதைத்தான் சொல்வேன்.

தாண்டவராயன் காவாந்தண்டலத்து விவசாயி. அறுபதைத் தாண்டியவர். பக்கத்து நிலத்துக்காரர் அப்போதுதான் நட்டிருந்த நாற்றை இவர் ஏரோட்டி அழித்துவிட்டார். தன் நிலம் என்று நினைத்தாராம். மனைவி கஸ்தூரி என் கிளினிக்குக்கு அழைத்து வந்தாள்.

"ரொம்ப நாளா இப்பிடித்தான் கீறாரு சார். என்னியே யாருன்னு கேக்குறாரு."

இன்று என்ன கிழமை என்று அவரைக் கேட்டேன். சிரித்தார். "ஒங்களுக்குத் தெரியாததா சார்?" என்றார்.

உத்திரமேரூரில் இருபது வருஷத்துக்கு மேலாக வைத்தியம் பார்க்கிறேன். வரப்புத் தகராறுக்காக நடிப்பவர்களை எனக்குத் தெரியும். "நடிப்பும்மா. இங்கேயே விட்டுட்டுப் போங்க, சரியாயிடும்," என்றேன். அவள் கும்பிட்டுவிட்டுப் போனாள்.

என்னிடம் தொழில் பழகிக்கொண்டிருந்த டாக்டர் தேவகி, இது மூளை தேய்கிற வியாதி, மதராஸில் காட்ட வேண்டும் என்றாள். நான் படித்த ஐம்பதுகளில் அந்த வியாதிக்கு அரைப் பக்கம்தான். பரீட்சைக்கு வராத பக்கம். நோயாளிகள் காதில் விழும்படி எனக்கு ஒரு சின்னப் பெண் பாடம் எடுப்பதா? அன்றைக்கே அவளை ஊருக்கு அனுப்பிவிட்டேன்.

சிகிச்சை எளிமையானது. மனைவி பேரைச் சொன்னால் சோறு. அது போதவில்லை என்று தெரிந்ததும் தண்ணீரையும் நிறுத்தினேன். அவரைப் பின்னறையில் வைத்துப் பூட்டிச் சாவியை என்னிடமே வைத்துக்கொண்டேன். நர்ஸுக்கு மனசு இளகிவிடும்.

கஸ்தூரி திரும்பி வந்து ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "எம் பேரு கஸ்தூரி. சொல்லிடுய்யா." விடையைச் சொல்லிக்கொடுத்தால் வைத்தியம் கெட்டுவிடும். அவளையும் வாசலோடு நிறுத்தினேன்.

அவர் சத்தம் போடவில்லை. கதவோரம் உட்கார்ந்து, மாட்டை ஓட்டுவதுபோல் நாக்கைச் சொடுக்கிக்கொண்டிருந்தார். பிறகு நாக்கு வறண்டு அந்தச் சத்தமும் நின்றது.

கடைசியாகக் கதவைத் திறந்தபோது என் சட்டையைப் பற்றிக்கொண்டார். என் முகத்தைப் பார்த்து, "கஸ்தூரி, தண்ணி," என்றார். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை. உடனே தண்ணீர் கொண்டுவரச் சொன்னேன். வருவதற்குள் போய்விட்டார்.

பட்டினி போட்டது நான்தான். மறுக்கவில்லை. ஆனால் இதையும் எழுதிக்கொள்ளுங்கள், இன்ஸ்பெக்டர்: சாகும்போது அவர் குணமாகியிருந்தார்.