ருசிக்கு ஒரு கட்டம்

லஸ் கார்னரில் பஸ் ஏறிய இரண்டு இளைஞர்கள் எனக்கு முன் சீட்டில் உட்கார்ந்தார்கள். அவர்களில் ஒருவன் கண்ணாடி போட்டிருந்தான். மந்தைவெளி தாண்டுவதற்குள் நான் பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

"வீட்லயே பீர் காய்ச்சுற, சரி. அதுக்கு எதுக்குடா சாஃப்ட்வேர்?" என்றான் மற்றவன்.

"எவ்வளவு பார்லி, எவ்வளவு ஈஸ்ட், என்ன சூடுன்னு ஒவ்வொரு பாட்ச்சுக்கும் எழுதி வெச்சாத்தானே அடுத்தது சரியா வரும்? நானே புரோகிராம் எழுதினேன். ஆத்துல யாரும் பார்க்கக் கூடாதுன்னு ஸ்லோகம்னு பேர் வெச்சேன்."

"உங்கப்பா கம்ப்யூட்டர்ல வேற எதைத்தான்டா திறப்பாரு?"

கண்ணாடிக்காரன் ஜன்னலுக்கு வெளியே பார்த்தான். "திறந்துட்டார்."

"திட்டினாரா?"

"ஒரு வார்த்தை பேசலை. ரிடையரான ஆடிட்டர்டா அவர். நான் ஒரு இடத்துல கிலோ, ஒரு இடத்துல கிராம்னு போட்டிருந்தேன். எல்லாத்தையும் கிராமாக்கி வெச்சிருக்கார்."

"அவ்ளோதானா?"

"ருசின்னு ஒரு கட்டம் இருக்கு. காலியா கட்டத்தைப் பார்த்தா அவருக்குத் தூக்கம் வராது. பரண்ல இருக்கற கடைசி பாட்ச்சை நானே இன்னும் திறக்கலை. அதுக்கு நேரே, 'கசப்பு சற்று அதிகம், மற்றபடி திருப்தி'ன்னு அடிச்சிருக்கார்."