முறையாகக் கேட்ட கேள்வி

வணக்கம் மேடம். உட்காரச் சொன்னீர்கள், எழுதுவதற்குப் பேனாவும் தந்தீர்கள், அதற்கு முதலில் நன்றி. இந்த ஸ்டேஷனில் என்னை யாரும் அடிக்கவில்லை, மிரட்டவில்லை. இதை நானாகத்தான் எழுதுகிறேன்.

என் பெயர் டேவிட்ராஜ், வயது ஐம்பத்து மூன்று. தருமபுரியில் ஒரு கல்லூரியின் தாவரவியல் ஆய்வகத்தில் உதவியாளர். செடிகளை அழுத்தி, உலர்த்தி, அட்டையில் ஒட்டி, பெயர் எழுதி அலமாரியில் அடுக்குவதுதான் இருபத்தெட்டு வருடமாக என் வேலை. இந்த மாவட்டத்தில் முளைக்கிற எதைக் காட்டினாலும் பெயர் சொல்லிவிடுவேன். பெருமைக்காகச் சொல்லவில்லை, பின்னால் தேவைப்படும் என்பதால் சொல்கிறேன். பேராசிரியர்களுக்கும் இது தெரியும். "டேவிட், இது என்னய்யா?" என்று இலையை மேசையில் போட்டுவிட்டுப் போவார்கள். சாயங்காலம் வந்து பெயரைக் கேட்டுக்கொண்டு, மறுநாள் வகுப்பில் தாங்களே கண்டுபிடித்த மாதிரி பேசுவார்கள். நன்றி என்ற வார்த்தையை அந்தக் கட்டடத்தில் ஆண்டு விழா மேடையில்தான் கேட்டிருக்கிறேன்.

ஆறு வருடத்துக்கு முன் ஃபேஸ்புக்கில் "நம்ம ஊர்ச் செடிகொடி" என்று ஒரு குழு தொடங்கினேன். யார் வேண்டுமானாலும் படம் போடலாம், நான் பெயரும் பயனும் சொல்வேன். சம்பளம் கிடையாது, ஆசைக்குச் செய்தேன். இன்றைக்குப் பதினெட்டாயிரம் பேர் இருக்கிறார்கள். நான் ஆய்வக உதவியாளன் என்று அங்கே யாருக்கும் தெரியாது.

மேடம், உதவி கேட்கிறவர்கள் எப்படிக் கேட்பார்கள் என்று உங்களுக்கும் தெரியும். கடத்தூரிலிருந்து குமார் என்று ஒருவர், தன் வரப்பில் முளைத்த கொடியை மங்கலாகப் படம் பிடித்துப் போட்டு, "இது இன்னா?" என்று கேட்டார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. படத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. விடுப்புப் போட்டு, பஸ் பிடித்துக் கடத்தூருக்குப் போய், வரப்பு வரப்பாகத் தேடி அந்தக் கொடியைக் கண்டுபிடித்து, ஒரு பக்கத்துக்குப் பதில் எழுதினேன். அவர் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு, மறுநாள் குழுவிலிருந்தே போய்விட்டார். அன்றைக்குச் சாப்பிடாமல் உட்கார்ந்து அழுதேன். சிரிக்காதீர்கள். ஐம்பது வயது ஆளுக்கு இதெல்லாம் ஒரு அழுகையா என்று என் மனைவி ஏஞ்சலின்கூடக் கேட்டாள்.

அதற்குப் பிறகுதான் விதிகள் எழுதினேன், மொத்தம் பன்னிரண்டு. வணக்கம் சொல்லித் தொடங்க வேண்டும். பேரும் ஊரும் எழுத வேண்டும். கிழங்கோ காயோ மட்டும் போதாது, இலையும் கொடியும் படத்தில் இருக்க வேண்டும். குரல் பதிவு கூடாது. அவசரம், சீக்கிரம் என்று விரட்டக் கூடாது. பதில் கிடைத்ததும் நன்றி சொல்ல வேண்டும். எந்தக் கேள்வியும் முதலில் என் பார்வைக்கு வந்து, நான் அனுமதித்த பிறகே மற்றவர்களுக்குத் தெரியும்படி மாற்றி வைத்தேன். மூன்றே மாதத்தில் குழுவின் முகமே மாறிவிட்டது. "ஐயா வணக்கம்" என்று தொடங்குவார்கள், "தங்கள் மேலான பதிலை" என்று முடிப்பார்கள். அத்தனை ஐயாவை நான் பிறந்ததிலிருந்து கேட்டதில்லை.

நீங்கள் கேட்பது தை மாதத்து அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி. சர்ச்சில் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பத்து நாற்பதுக்கு ஒரு பெண்ணிடமிருந்து படம் வந்தது. சுட்டு, பாதி கடித்த ஒரு கிழங்கு. கீழே, "இது என்னா கெழங்கு சீக்கிரம் சொல்லுங்க" என்று மட்டும் இருந்தது. வணக்கம் இல்லை, ஊர் இல்லை, இலை இல்லை. நான் கோபப்படவில்லை. என்னென்ன குறை என்று பொறுமையாகப் பதினோரு வரி எழுதி, சரிசெய்து அனுப்பும்படி திருப்பி அனுப்பினேன்.

பதினொன்று இருபதுக்கு அதே பெண்ணிடமிருந்து குரல் பதிவு வந்தது. குரல் பதிவு கூடாது என்று முந்தைய குறிப்பிலேயே எழுதியிருந்தேன். இருந்தாலும் கேட்டேன், மூன்று முறை கேட்டேன். அது உங்களிடம் இருக்கிறது, ஆனாலும் எழுதிவிடுகிறேன்.

"அண்ணா, எம் புள்ள ஆடு மேய்க்கப் போன எடத்துல இதத் தோண்டிச் சுட்டுத் தின்னுட்டா அண்ணா. பாதி தின்னுட்டா. விஷமா இல்லியான்னு மட்டும் சொல்லுங்க. பன்னண்டேகாலுக்குப் பஸ்ஸு இருக்குதுங்க. விஷம்னா தூக்கிக்கிட்டு எறங்கிடறேன்."

பின்னால் ஒரு குழந்தை தண்ணி கேட்டது.

ஏஞ்சலின் சமையலறையிலிருந்து வந்து நின்றாள். "என்னங்க, அந்தப் பொண்ணு பதறுதுங்க. ஒரு வார்த்த சொல்லிடுங்க," என்றாள்.

"சொல்லாமயா போயிடுவேன்? மொறையாக் கேக்கட்டும்," என்றேன்.

இதில் நான் தவறாக என்ன சொன்னேன் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை. ஒருத்திக்கு விதியைத் தளர்த்தினால் பதினெட்டாயிரம் பேரும் குரல் பதிவு அனுப்புவார்கள். நானே வைத்த விதியை நானே மீறினால் அப்புறம் என்னை யார் மதிப்பார்கள்? என் கையும் கட்டப்பட்டுத்தான் இருந்தது, மேடம். இரண்டாம் முறையும் திருப்பி அனுப்பினேன். இந்தத் தடவை, கொடியும் இலையும் இல்லாமல் கிழங்கை அடையாளம் சொல்வது பொறுப்பான செயல் அல்ல என்று கூடுதலாக ஒரு வரி சேர்த்தேன்.

அவள் சித்தேரி மலை என்பதும், நல்லம்பள்ளிப் பக்கத்திலிருந்து அங்கே வாழ்க்கைப்பட்டுப் போனவள் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரியும். மலையிலேயே பிறந்தவளாக இருந்தால் அந்தக் கிழங்கைப் பார்த்ததுமே கையிலிருந்து தட்டிவிட்டிருப்பாள். அவளுக்குக் காட்டுக் கிழங்கு பழக்கமில்லை. புருஷன் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தான். அக்கம்பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் எல்லாரும் சாமைக் கதிர் அடிக்கப் போயிருந்தார்கள். அவள் வீட்டில் சிக்னல் கிடையாது, தண்ணீர்த் தொட்டி மேட்டுக்கு ஏறினால்தான் கிடைக்கும். நான் ஒவ்வொரு முறை திருப்பி அனுப்பியதும் அவளுக்கு ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். இதெல்லாம் நீங்கள் சொன்னது.

பிள்ளை அப்போது நன்றாகத்தான் இருந்தாளாம், விளையாடிக்கொண்டிருந்தாளாம். அந்தக் கிழங்கு அப்படித்தான், உடனே காட்டாது. அதனால் அவள் நான் சொன்னதை நம்பினாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, ஆடு மேய்ந்த இடத்தைத் தேடிக் காட்டுக்குள் போனாள், இலையைப் படம் பிடிக்க. தையில் அந்தக் கொடி காய்ந்து உதிர்ந்து கிடக்கும், கண்டுபிடிப்பது கஷ்டம். நானே ஒருமுறை அரை நாள் தேடியிருக்கிறேன். பன்னிரண்டேகால் பஸ் அவள் காட்டுக்குள் இருக்கும்போது போய்விட்டது. ஒரு மணிக்குப் பிள்ளைக்கு வாந்தி தொடங்கியது. அப்போதும் அவள் காட்டுக்குள்தான் இருந்தாள்.

இரண்டு ஐம்பதுக்கு மூன்றாவது கேள்வி வந்தது. அதை வரிக்கு வரி எழுதுகிறேன், எனக்கு மனப்பாடம்.

"வணக்கம் ஐயா. என் பெயர் வெண்மதி. ஊர் சித்தேரி மலை. கிழங்கு, கொடி, இலை மூன்றும் படம் வைத்துள்ளேன். என் மகள் கனிமொழி, வயது ஆறு, காலை பத்து மணிக்கு இதைத் தின்றாள். ஒரு மணியிலிருந்து வாந்தி. இது விஷமா என்று தயவுசெய்து சொல்லவும். முன்பு தவறாகக் கேட்டதற்கு மன்னிக்கவும்."

மேடம், ஆறு வருடத்தில் அப்படி ஒரு கேள்வி எனக்கு வந்ததில்லை. படங்களும் அருமை. நுனி சுருண்ட காய்ந்த இலையை உள்ளங்கையில் வைத்து, வெயில் படும்படி எடுத்திருந்தாள். படம் கொஞ்சமும் கலங்கவில்லை. கல்லூரி மாணவர்கள்கூட இவ்வளவு தெளிவாக எடுக்க மாட்டார்கள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. உடனே அனுமதித்து, உட்கார்ந்து நிதானமாகப் பதில் எழுதினேன். கண்வலிக்கிழங்கு என்ற பெயர், அறிவியல் பெயர், குடும்பம், கலப்பை மாதிரி வளைந்திருப்பதால் வந்த இன்னொரு பெயர், எந்த மண்ணில் வளரும், எப்போது பூக்கும். விஷம் என்பது ஒன்பதாவது வரியில் வந்தது. எழுதி முடிக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று.

மூன்று இருபதுக்கு அவளிடமிருந்து ஒரு வரி வந்தது. "நன்றிங்க ஐயா." தோளில் பிள்ளையைப் போட்டுக்கொண்டு, யாருடைய பைக்கிலோ மலை இறங்கும் முன் தொட்டி மேட்டில் நின்று அதை அடித்தாளாம். நான் "மகிழ்ச்சி" என்று பதில் போட்டேன்.

கனிமொழி செவ்வாய்க்கிழமை காலையில் இறந்துவிட்டாள். அந்தப் பன்னிரண்டேகால் பஸ்ஸில் வந்திருந்தால் வயிற்றைக் கழுவிக் காப்பாற்றப் பார்த்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னதாக நீங்கள்தான் சொன்னீர்கள். அன்றிலிருந்து ஏஞ்சலின் என்னிடம் பேசுவதில்லை. சோறு வைக்கிறாள், தட்டை எடுக்கிறாள். நேற்று வெண்மதியை இங்கே பார்த்தேன். திட்டுவாள் என்று நினைத்தேன். என்னைப் பார்த்ததும் பெஞ்சிலிருந்து எழுந்து நின்றாள், அவ்வளவுதான். அவளிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலத்தான் இருந்தது. எப்படித் தொடங்குவது என்று தெரியாமல் நின்றுவிட்டேன்.

இதற்குச் சட்டத்தில் என்ன பிரிவு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியவில்லை என்று நேற்று ஒத்துக்கொண்டீர்கள். பிரிவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் உண்மையை எழுதிவிடுகிறேன். பத்து நாற்பதுக்கு அந்த முதல் படம் வந்தபோதே அது என்ன கிழங்கு என்று எனக்குத் தெரியும். படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கக்கூட இல்லை. எனக்கு இலை தேவைப்படவில்லை, கொடி தேவைப்படவில்லை. விஷம் என்று மூன்று எழுத்து அடித்திருந்தால் போதும். இரண்டாம் முறை பஸ் நேரமும் தெரியும். தெரிந்துதான் இரண்டு முறை திருப்பி அனுப்பினேன்.

ஒரே ஒரு வேண்டுகோள். தங்களுக்குத் தொந்தரவு இல்லையென்றால் செய்யுங்கள். என் போன் உங்களிடம் இருக்கிறது. அதில் பதில் சொல்லாத கேள்விகள் எழுபதுக்கு மேல் சேர்ந்திருக்கும், யாராவது விவரம் தெரிந்தவரிடம் காட்டுங்கள். வெண்மதியின் பதிவைக் குழுவின் உச்சியில் நிறுத்தி வைத்திருக்கிறேன். அதை மட்டும் எடுத்துவிட வேண்டாம். புதிதாக வருகிறவர்கள் எப்படிக் கேட்க வேண்டும் என்று அதைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள்.