நகச்சொத்தைக்காரன்

இல்ல டாக்டரம்மா, இந்தச் சண்டையை ஆரம்பிச்சு வச்சது என் மருமகன். என் நகத்தை அப்புறம் பார்க்கலாம், இதை முதல்ல கேளுங்க. எனக்கு லாண்டரியில வேலை. ஓட்டல் பெட்ஷீட்டெல்லாம் மூட்டை மூட்டையா வரும். நாள் பூரா கை சோப்புத் தண்ணியில ஊறுது. நகம் மஞ்சளாத் தடிச்சுப் போகாம, பின்ன பளபளன்னா இருக்கும்? அவன் ஆபீசுக்குப் போட்டுட்டுப் போற சட்டையெல்லாம் இந்தக் கை துவைச்சதுதான். அப்ப ஒட்டலையாம்.

பேத்திக்கு மூணு வயசு. கொஞ்ச நாள் முன்னாடி காய்ச்சல் வந்து வாயெல்லாம் புண்ணு, உள்ளங்கையில கொப்புளம். விளையாட்டுப் பள்ளியில இருந்து வாங்கிட்டு வந்தா. எல்லாம் ஆறி, ஓடியாடிட்டுத்தான் இருந்தா. ஒரு நாள் என் மடியில உக்காந்து, தாத்தா என் விரல் உரியுதுன்னு கையை நீட்டுறா. பார்த்தா நகம் அடியில இருந்து பெயர்ந்து நிக்குது. ஒண்ணு இல்ல, நாலஞ்சு. ஐயோன்னு கத்திட்டேன்.

மருமகன் ஓடி வந்தான். பிள்ளை கையைப் பார்த்தான், என் கையைப் பார்த்தான். வேற எதுவும் கேக்கல. இந்தச் சொத்தை நகத்தோட ஊட்டி விட்டா இப்படித்தான் ஆகும், இனி அவளைத் தொடாதீங்கன்னுட்டான். என் பொண்ணு அடுப்பையே பார்த்துக்கிட்டு நிக்குறா. நான் பெத்த பொண்ணு! அன்னையில இருந்து என் தட்டு, டம்ளர் எல்லாம் தனி. பிள்ளை தாத்தான்னு ஓடி வந்தா அப்படியே தூக்கிட்டுப் போயிடுவான். அவ கத்துற கத்து தெருவுக்கே கேட்டுச்சு.

அதான் என் பேர்ல டோக்கன் போட்டு வந்தேன். வைத்தியத்துக்கு இல்ல. அவளை உங்ககிட்டதான காட்டினாங்க? என்கிட்ட இருந்துதான் ஒட்டுச்சா? ஆமான்னா ஆமான்னு சொல்லிடுங்க, நான் அவ இருக்குற பக்கமே போகமாட்டேன்.

என்ன? அந்தக் காய்ச்சலா? அப்ப நகம் வளராம நின்னு, பழசு இப்பக் கழலுதா? அடியில புதுசு தள்ளிட்டு வருமா? பிச்சு இழுக்காம, துணியில மாட்டுற இடத்தை மட்டும் வெட்டி விட்டாப் போதுமா? நல்லா வளர்ந்திடும்ல? இருங்க... கொஞ்சம் தண்ணி குடிச்சுக்குறேன்.

அப்ப இதை அவங்களைக் கூப்பிட்டுச் சொல்லுங்களேன் தாயி.

அன்னைக்கே சொல்லிட்டீங்களா? ரெண்டு பேர்கிட்டயுமா? தாத்தாகிட்ட இருந்து இல்லையான்னு அவனே திருப்பித் திருப்பிக் கேட்டானா?

சரி.

இல்ல, ஒண்ணும் இல்ல. வீட்டுக்கு வந்து, மருந்து தடவணுமாம்னு மட்டும்தான் சொன்னான். அதுக்கு மறுநாள்தான் என் துணிமணியைக் கட்டி வாசல்ல வச்சான். இப்ப லாண்டரியிலயே மூட்டை மேல படுத்துக்குறேன். மெத்துன்னு நல்லாத்தான் இருக்கு.

என் நகமா? பாருங்க, நல்லாப் பாருங்க. மாத்திரை, ரப்பர் கிளவுஸ், எத்தனை மாசம் ஆனாலும் பரவாயில்ல, எழுதுங்க. இது சரியாயிட்டா என்னைத் தள்ளி வைக்க அவன் வேற காரணம் தேடணும்ல. தேடட்டும். தப்பு என்னுதுதான் மாமான்னு அவன் வாயால ஒரு வார்த்தை வரணும். அது வர்ற வரைக்கும் நான் சாகுறதா இல்ல.