கடையில் எடுக்காத போன்

துணிக்கடைச் சீருடையில் இரண்டு பெண்கள், தி.நகரில் பஸ் ஏறி என் முன் சீட்டில் உட்கார்ந்தார்கள்.

"இந்த மாசம் கடைல நாலாவது தபா மௌன அஞ்சலி. இன்னிக்கு யாருக்குக்கா?" என்றாள் சின்னவள்.

"எங்கியோ ரயில் கவுந்துச்சாம். பாவம்தான். ஆனா நிக்கசொல்ல என் போன் அடிச்சிச்சுடி. சூப்பர்வைசர் மொறைச்சான், கட் பண்ட்டேன்."

"யாரு போனு?"

"ஆஸ்பத்திரிலேர்ந்து என் தங்கச்சி. என் வூட்டுக்காரருக்கு இன்னிக்கு ஆபரேசன். திருப்பி அடிச்சா எடுக்கவே மாட்டேங்கிறா."

"டவர் இருக்காதுக்கா."

"ஊர் சாவுக்கெல்லாம் நின்னேன். என் வூட்டு போன எடுக்கலியே."

அப்போது போன் அடித்தது. அவள் அதையே பார்த்தாள்.

"எடுக்கா."

பஸ்ஸில் யாரும் பேசவில்லை. கண்டக்டர் விசிலை ஊதாமல் வாயிலேயே வைத்திருந்தார். வாயை மூடத் தெரியாததால் நாலாம் கிளாஸோடு துரத்தப்பட்ட நானும் மூடிக்கொண்டேன்.

"சொல்லுடி" என்றாள்.