தண்டல் யோசிக்கிறார்

திருமலைராயன்பட்டினத்தில் பஸ் ஏறிய மூவர் எனக்கு முன் இருக்கையில் உட்கார்ந்தார்கள். ஜன்னலோரத்தில் இருந்தவர் தோணி ஓட்டும் தண்டல் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது. அவர் மட்டும் வாயே திறக்கவில்லை. நடுவில் தோணி முதலாளி. இந்தப் பக்கம், தொழிலுக்குப் புதிதாக வந்திருந்த அவருடைய மச்சான்.

"தண்டல் சும்மா உக்காந்திருக்காருன்னு நெனைக்காதீங்க. இப்பத்தான் வேலை பாக்குறாரு" என்றார் முதலாளி.

"வேடிக்கை பாக்குறது வேலையா, மச்சான்?"

"நாளைக்குச் சரக்கு ஏத்தணும். எது அடியில, எது மேலன்னு மொத்தத்தையும் மனசுல அடுக்கிக்கிட்டிருக்காரு. போன தடவை நடுவுல கூப்பிட்டு, கயிறு வாங்கியாச்சான்னு கேட்டேன். அவ்வளவுதான், அடுக்கு கலைஞ்சிருச்சு. பருத்தித்துறையில எறக்க வேண்டிய வெங்காயம், திருகோணமலைக்குப் போற கூரை ஓட்டுக்கு அடியில போயிருச்சு. அங்க ஓடு பூராத்தையும் எறக்கி ஏத்தினோம். வெங்காயம் பாதி நசுங்கிப் போச்சு."

"அப்ப அவர்கிட்ட ஏதாச்சும் கேக்கணும்னா?"

"சரக்கு வைக்கிற கிட்டங்கிக் கதவுல கரிக்கட்டியால எழுதி வச்சிருவோம். அடுக்கி முடிச்சதும் அவரே வந்து பாத்து பதில் சொல்லுவாரு. இந்த ஏற்பாடு வந்தப்புறம் ஒரு மூட்டை எடம் மாறினதில்ல."

அவர்கள் இறங்க வேண்டிய காரைக்கால் கடைத்தெரு வந்தது. முதலாளி எழுந்து, தண்டலின் தோளைத் தட்டக் கையை நீட்டினார். மச்சான் சட்டென்று அந்தக் கையைப் பிடித்து அவரை உட்கார வைத்தார்.

"பேசாம இருங்க மச்சான். தாண்டிப் போயி தலத்தெருவுல எறங்கி, திரும்பி நடந்து வந்துக்கலாம்."