தறிச் சத்தத்துக்கு நடுவுல ஒரு தொண்டை

முன்வரிசையில உக்காந்திருக்கிற பாடகர்களே, பின்வரிசையில உக்காந்திருக்கிற அவங்க வீட்டுக்காரங்களே... ஒரு சின்னக் கதை சொல்லிட்டு மேல போறேன். ரெண்டு வரிசைக்கும் சேர்த்துத்தான் சொல்றேன்.

பள்ளிபாளையத்துல ரேணுகாதேவின்னு ஒரு அம்மா. இருபது வருஷமா மெல்லிசைக் குழுவுல பாடறாங்க. கச்சேரிக்கு வேன்ல போறப்ப அவங்க தொண்டையைப் பாத்துக்கிற அழகு இருக்கே... கழுத்துல மப்ளர். மடியில வெந்நீர் பிளாஸ்க். ஜன்னல் கண்ணாடி ஏத்தியிருக்கணும். மத்தவங்க எல்லாம் கத்திப் பாடிக்கிட்டு வருவாங்க, இவங்க வாயே திறக்க மாட்டாங்க. தபேலாக்காரர் கிண்டல் பண்ணுவாரு. பண்ணட்டுமே...

சரி, வீட்டுக்கு வந்தா? வீட்டுக்குள்ளயே நாலு விசைத்தறி. அவங்க வீட்டுக்காரர் சென்னியப்பன் ஓட்டறாரு. தறி ஓடற வீட்டுல பொறந்து, தறி ஓடற வீட்டுக்கே வாக்கப்பட்டவங்க. அங்கே யாராவது கத்தறோம்னு நினைக்கிறாங்களா? இல்லீங்க... பேசறோம்னு நினைச்சுக்கிட்டே கத்தறாங்க. இந்தம்மா சமையக்கட்டுல இருந்து, "ஏனுங்க, சோறு போட்டாச்சு!" வாசல்ல இருந்து, "ஏனுங்க, நூல் வந்திருக்குது!" நாள் பூரா இதே கதைதான்.

இப்படி இருக்கறப்ப சென்னையில இருந்து ஒரு இசையமைப்பாளர் கூப்பிட்டாரு. அன்னைல இருந்து பன்னெண்டாம் நாள் சினிமாப் பாட்டு பதிவு. யோசிச்சுப் பாருங்க... இருபது வருஷம் அடுத்தவங்க பாட்டையே பாடின தொண்டைக்கு, முதல் தடவையா சொந்தமா ஒரு பாட்டு. ஆனா அவர் கூப்பிட்ட மறுநாளே குரல் கட்டிப்போச்சு.

ஈரோட்டுல ஒரு டாக்டரம்மா பாத்துட்டு, பேசவே கூடாதுன்னு சொல்லி அனுப்பினாங்க. நாலு நாள் ஆச்சு. குறையல. இன்னும் மோசமாச்சு. திரும்பவும் ஓடினாங்க. கிட்டப் போயி கிசுகிசுன்னு சொல்றாங்க... "நான் பேசவே இல்லீங்க டாக்டர். நாலு நாளா இப்படித்தான் கிசுகிசுக்கறேன்."

டாக்டரம்மாவுக்குக் கோவம் வந்திருச்சு. "அதுவும் பேச்சுதாம்மா. தொண்டையை இறுக்கிப் பிடிச்சுத்தான் கிசுகிசுக்கறீங்க. அதையும் தறிச் சத்தத்துக்கு மேல... அது ஓய்வா? சுத்தமா வாயை மூடுங்க."

மிச்சம் இருக்கறது ஏழு நாள். வீட்டுக்கு வந்தாங்க. நேராத் தறிக்கிட்டப் போனாங்க. சுவிட்சைக் கீழே இறக்கினாங்க. நாலு தறியும் நின்னு போச்சு.

சென்னியப்பன் கத்தறாரு... "ஏன் நிறுத்தினே? உனக்கு என்னதான் வேணும்?"

துணியில குறி போடற சாக்பீஸ் அங்கே கிடந்துச்சு. எடுத்தாங்க. சுவத்துல எழுதினாங்க... "எனக்கு என் தொண்டை வேணும்."

அவர் படிச்சாரு. அப்புறம் மெதுவாக் கேட்டாரு. "ஏன் ரேணு... தறிதான் நின்னுபோச்சே. இப்பவுமா நான் கத்தினேன்?"

அந்தம்மா ஆமான்னு தலையாட்டினாங்க. கண்ணு கலங்கிருச்சு அந்த மனுசனுக்கு. இத்தனை வருஷம் தன் சத்தம் தனக்கே தெரியலையே...

அன்னைக்குப் போட்டாரு சட்டம். தறி ஓடறப்ப யாரும் யாரையும் கூப்பிடக் கூடாது. வேணும்னா கிட்ட வந்து தோளைத் தொடு. பேசணும்னா தறியை நிறுத்து. நெசவு கொஞ்சம் குறையும்னு பக்கத்து வீட்டுக்காரர் சொன்னாரு. குறைஞ்சா குறையட்டும்னுட்டாரு சென்னியப்பன். பன்னெண்டாம் நாள் ரேணுகாதேவி சென்னைக்குப் போனாங்க... பாடினாங்க. முழுசாப் பாடிட்டுத்தான் வந்தாங்க.

இதை எதுக்குச் சொல்றேன்? பாடகர்களே, வழியில தொண்டையைக் காப்பாத்தறது சுலபம். வீட்டுலதான் கஷ்டம். ஏன்? கேக்கறதுக்குக் கூச்சம். பொழப்பு ஓடற இடத்துல என் தொண்டைக்காகத் தறியை நிறுத்துங்கன்னு எப்படிச் சொல்றது... அந்தக் கூச்சம். ஏங்க, உங்க தொண்டை பொழப்பு இல்லையா? கேளுங்க. தைரியமாக் கேளுங்க.

பின்வரிசைக்காரங்களே... அவங்க கேக்கற வரைக்கும் ஏன் விடறீங்க? அடுத்த ரூம்ல இருந்து குரல் கொடுத்தா, அவங்களும் குரல் கொடுத்துத்தானே பதில் சொல்லணும்? வேண்டாம். இனிமே கூப்பிடாதீங்க. எந்திரிச்சுக் கிட்டப் போங்க. சமையக்கட்டுக்கும் கூடத்துக்கும் எவ்வளவு தூரம் இருக்கும்? பத்தடி இருக்குமா? நடங்க.